அப்பாவின் பெயரில் ஓர் ஈசிஜி

அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், இதயப் பிரிவில் ஈசிஜி எடுப்பவரின் பெயர் என்னவென்று கேட்டால் சொல்வதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். நர்சுகளுக்கு அவர் ஈசிஜி அண்ணன். டாக்டர்களுக்கு வெறும் ஈசிஜி. கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அட்டை எப்போதும் சட்டைப்பைக்குள் திரும்பிக் கிடக்கும். இருபத்திரண்டு வருஷமாக அதைப் படித்துப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் ஈசிஜி எடுக்கிற கட்டில். இன்னொரு பக்கம் நோயாளியை நடக்க வைத்துப் பார்க்கிற டிரெட்மில். நடுவில் ஒரு பச்சைத் திரை. குளிர்சாதனத்தைப் போட்டால் விரல் விறைக்கும், நிறுத்தினால் மூச்சு முட்டும். காலை எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தாரென்றால், வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

அந்தக் கட்டிலில் வந்து படுத்தவர்களில் தனக்கு இதய நோய் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. எல்லோருக்கும் வாயுதான். இல்லையென்றால் கை சுளுக்கு, தலையணை சரியில்லை, முந்தின நாள் மூட்டை தூக்கியது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கிளிப்பை மாட்டுவார், நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ்களை ஒட்டுவார். கோடுகள் பதிந்த காகிதப் பட்டை வெளியே வந்ததும் படுத்திருப்பவர் தலையைத் தூக்கி, என்ன தெரிகிறது என்று கேட்பார். டாக்டர் பார்த்துச் சொல்வார் என்பதுதான் பதில். அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கோடுகளை அவர் செய்தித்தாள் மாதிரி படிப்பார். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் அவருக்கு வசதியாகவும் இருந்தது.

சுவரில் ஒரு பெரிய அட்டை. அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் இதயப் பிரிவு டாக்டரம்மா அவரையே எழுதச் சொல்லி மாட்டியது. உப்பைக் குறையுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். புகைப்பதை இன்றே விடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஐந்து வரி. எழுதியவர் ஐந்தில் ஒன்றைக்கூடச் செய்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஊழியர்களுக்கு நடந்த பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் நூற்று ஐம்பதுக்கு மேல் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டார். தலை சுற்றவில்லை, மயக்கம் வரவில்லை, எதற்கு வீணாக என்று நிறுத்திவிட்டார். சிகரெட் விஷயம் அதைவிட மோசம். விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண்ணாடியின் சட்டத்தில் ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளை ஏமாற்ற அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். மருத்துவமனைக்குப் பின்புறம் ஜெனரேட்டர் கொட்டகை. அதற்குப் பின்னால் நின்று பிடிப்பதற்கென்றே அலமாரியில் ஒரு பழைய சட்டை. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிப் பூட்டிவிட்டு, முகம் கழுவி, புதினா மிட்டாய் ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போவார்.

ஐந்தாவது வரி அப்பாவைப் பற்றியது. அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். நாற்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் காலை நெஞ்சைத் தடவிக்கொண்டே, தானாகவே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். சாயங்காலம் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது மூத்த மகனான இவருக்கு இருபத்தொரு வயது, தம்பிக்குப் பதினாறு. நடந்து போன மனுஷனை இப்படிக் கொண்டுவந்துவிட்டார்களே என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நோயால்தான் செத்தார் என்று ஈசிஜிக்காரரின் மூளைக்குத் தெரியும். போகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அடிவயிறு நம்பியது. இருபத்திரண்டு வருஷம் இதயப் பிரிவில் இருந்தும் அந்த நம்பிக்கை அசையவே இல்லை.

லிஃப்ட் பழுதான ஒரு திங்கட்கிழமை அது ஆரம்பித்தது. கீழே அவசரப் பிரிவில் ஒருவருக்கு ஈசிஜி எடுத்துவிட்டு, மெஷின் வண்டியைச் சரிவுப்பாதையில் தள்ளிக்கொண்டு ஏறினார். பாதி வழியில் நெஞ்சின் நடுவே யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. வண்டி பின்னால் உருளாமல் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது. வாயு என்று சொல்லிக்கொண்டார். சொன்ன பிறகுதான், அந்த வார்த்தையைச் சொன்னது தன் வாய்தான் என்று உறைத்தது.

அடுத்த மூன்று வாரமும் அவர் வேலை பார்த்ததைவிட அந்த வலிக்கு ஒளிந்து நடந்ததுதான் அதிகம். சரிவுப்பாதையை விட்டார். கீழேயிருந்து கூப்பிட்டால் நோயாளியை மேலே அனுப்பச் சொன்னார். மருந்துக்கடையில் வாயுவுக்கு மாத்திரை வாங்கிச் சப்பினார். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் இரண்டு இடத்தில் நின்று, கைபேசியில் எதையோ படிப்பது போல் பாவனை செய்தார். சிகரெட்டைக் குறைக்கப் பார்த்தார். பயம் வந்தால் கை தானாகக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனது. இன்றைக்கு டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் முடிவெடுப்பார். அந்த அம்மா எதிரே வந்து, "என்ன ஈசிஜி, இன்னைக்கு எத்தனை பேரு?" என்று கேட்டதும் நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்கு அத்துப்படி. படுக்க வைப்பார்கள், ஆஞ்சியோ என்று குழாய் விட்டுப் பார்ப்பார்கள், சிகரெட் வெளியே வரும், மனைவிக்குத் தெரியும். இதயப் பிரிவு ஆளுக்கே இதயம் போச்சு என்று கேன்டீன்வரை சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்கு அத்துப்படிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்றுமே செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த முழங்கால் நெஞ்சில் ஏறியது. இந்த முறை பத்து நிமிஷம் இருந்தது. வியர்த்துக் கொட்டியது. பிறகு ஒன்றும் நடக்காதது போல விட்டுவிட்டது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவர் அறையை உள்ளே தாழிட்டார். சட்டையைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய கட்டிலில் தானே படுத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டிலில் அவர் படுத்ததே இல்லை. கூரையில் ஒரு மூலையில் ஈரம் பரவி மஞ்சளாகியிருந்ததை அன்றுதான் பார்த்தார். கிளிப்புகளை மாட்டுவது சுலபமாக இருந்தது. பொத்தானை அழுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கையை நீட்டியதில் முதல் பட்டை கன்னாபின்னாவென்று வந்தது. மெஷினைப் பக்கத்து நாற்காலிக்கு இழுத்து, ஒற்றை விரலால் தட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். இரண்டாவது பட்டை கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது.

நெஞ்சுப் பக்கக் கோடுகளில் மேலே எழும்ப வேண்டிய அலை இரண்டு மூன்று இடங்களில் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. இதே மாதிரி ஒரு பட்டையை டாக்டரம்மா ஒருமுறை ஊழியர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருந்தார். இந்த ஆளுக்கு இந்த நிமிஷம் வலி இருக்காது, சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், ஆனால் இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் அடைபடும் நிலையில் இருக்கும், இவரை டிரெட்மில்லில் ஏற்றிவிடாதீர்கள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கூப்பிடுங்கள் என்று சொன்னார். அதற்குப் பிறகு அப்படி ஒருவர் வந்தார். வலி போய்விட்டது, வண்டியை நிழலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே போனவர் வாசலிலேயே விழுந்தார். அவர் போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை என்பதுவரை ஈசிஜிக்காரருக்கு நினைவிருந்தது.

எழுந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டியிருக்கலாம். இருபது அடி தூரம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவேளை தான் தவறாகப் படித்திருக்கலாம். குமிழை இடம் மாற்றி ஒட்டியிருக்கலாம். டாக்டரம்மாவே பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டால் போதும், நாளையிலிருந்து சிகரெட்டைத் தொடுவதில்லை. இப்படி ஒரு பேரத்தை மனதுக்குள் முடித்துக்கொண்டு கணினியில் புதிய நோயாளி ஒருவரைப் பதிவு செய்தார். வயது நாற்பத்தேழு. அது உண்மை. பெயர் கேட்டது. விரல் ஒரு கணம் நின்றது. அப்பாவின் பெயரை அடித்தார். பத்து இலக்கக் கைபேசி எண்ணைப் போடாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. பதற்றத்தில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை அடித்துவிட்டு, பெயரையும் வயதையும் பட்டையில் எழுதி, கொண்டுபோய் டாக்டரம்மா மேஜையில் மற்றவற்றுக்கு நடுவே செருகிவிட்டு வந்தார்.

மூன்று மணிக்கு டிரெட்மில்லில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். நெஞ்சு முழுக்க ஒயர். ஈசிஜிக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டு, இடையிடையே அவருக்கு ரத்த அழுத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த வேலையை நடுவில் விட்டுவிட்டு வெளியே போக முடியாது. கதவு திறந்தது. டாக்டரம்மா கையில் அந்தப் பட்டை.

"இந்த ஆளு எங்க?"

"போயிட்டாரு மேடம்."

"போயிட்டாரா? எடுத்தது நீங்கதானே? இதைப் பாத்துட்டு எப்படிப் போகவிட்டீங்க?"

அவர் மென்று விழுங்கினார். வலி இல்லை என்று அந்த ஆள் சொன்னார் என்றார்.

"அப்படித்தான் சொல்லுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? உங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க ஈசிஜி. இந்தத் தளத்துல என்னைவிட அதிகமா இதைப் பாத்தவரு நீங்க."

அந்த அம்மா அவரிடம் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாத்தியாரின் இதயம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. தன்னுடையது காதுக்குள் இடித்தது. டாக்டரம்மா கதவைத் திறந்து வைத்தபடியே வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, அந்த நோயாளியின் எண்ணுக்கு உடனே பேசு, எங்கே இருந்தாலும் அப்படியே உட்காரச் சொல், ஆம்புலன்ஸ் அனுப்பலாம் என்றார். அப்போதுதான் ஈசிஜிக்காரருக்கு எந்த எண்ணை அடித்தோம் என்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கலாம் என்று கால் துடித்தது. வாத்தியாரை இன்னும் மூன்று நிமிஷம் பார்த்தாக வேண்டும். டிரெட்மில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நடந்தது வாத்தியார், வியர்த்தது இவருக்கு.

வெளியே அந்தப் பெண் பேசுவது தெளிவாகக் கேட்டது. ஆமாம்மா, ஆஸ்பத்திரியிலிருந்துதான், ஐயா பக்கத்தில் இருக்கிறாரா, மத்தியானம் ஈசிஜி எடுத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்றாள். பிறகு அவள் கதவருகே வந்து நின்றாள்.

"மேடம், போனை எடுத்தது ஒரு அம்மா. அவரு அவங்க மாமனாராம். செத்து இருபத்தாறு வருஷம் ஆச்சுன்னு சொல்றாங்க." அவள் பார்வை ஈசிஜிக்காரர் பக்கம் போனது. "அவங்க வீட்டுக்காரரு இங்கதான் வேலை பாக்குறாராம். அண்ணா, அது உங்க வீட்டுக்காரம்மா நம்பரா?"

டாக்டரம்மா பட்டையில் இருந்த வயதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அருகில் வந்து டிரெட்மில்லை நிறுத்துகிற பொத்தானைத் தானே அழுத்தினார்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் மேடம்."

"படுங்க."

"சாருக்கு இன்னும் மூணு நிமிஷம் பாக்கி இருக்கு."

"படுங்கன்னு சொன்னேன்."

டிரெட்மில் மெல்ல நின்றது. வாத்தியார் ஒயர்களோடு இறங்கி, யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று மூன்று முறை கேட்டார். பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. அரை நாளில் இரண்டாவது முறையாக ஈசிஜிக்காரர் அந்தக் கட்டிலில் படுத்தார். கிளிப்பை ஒரு நர்ஸ் மாட்டினாள். இடது கையில் மாட்ட வேண்டியதை வலது கையில் மாட்டினாள். அவர் திருத்தச் சொன்னார்.

மனைவி கடையிலிருந்து வந்து சேர்ந்தபோது அவரைத் தள்ளுவண்டிக்கு மாற்றியிருந்தார்கள். அவள் நெற்றிக்கு மேலே யாருடைய மூக்குக்கண்ணாடியோ இருந்தது. கழற்ற மறந்திருந்தாள். அவள் முன்னாலேயே டாக்டரம்மா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். ரத்த அழுத்தம் இருந்ததா, மாத்திரையை ஏன் நிறுத்தினார், அப்பாவுக்கு எத்தனை வயதில். கடைசியில் சிகரெட். தப்பிக்க இடமில்லாமல் படுத்துக்கொண்டு, அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். முப்பது வருஷமா. ஒரு நாளைக்கு எட்டு, சில நாள் பத்து. அவருடைய பொருட்களை எடுத்து வர யாராவது போக வேண்டும் என்றதும் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு மனைவியே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தப் பழைய சட்டை இருந்தது.

"ஏழு வருஷம் இதை யாரு தொவைச்சா?"

"இங்க லாண்டரியில போட்டேன்."

அவள் சட்டையை நாலாக மடித்தாள். "சரி. போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

குழாய் விட்டுப் பார்க்கிற அந்த அறையின் வாசல்வரை அவர் எத்தனையோ பேரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பயப்படாதீர்கள், எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். உள்ளே படுத்திருப்பவர் அசையக் கூடாது, திரும்பக் கூடாது, கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நடந்து போன மனுஷனை என்று அம்மாவின் குரல் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. தான் தள்ளுவண்டியில் வந்தோம், நடந்து வரவில்லை என்று அதற்கு ஒரு பதிலைக் கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிடந்தார். முன்பக்க ரத்தக்குழாய் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அடைத்திருந்தது. மணிக்கட்டு வழியாகவே ஸ்டென்ட் என்கிற கம்பிச் சுருளை வைத்தார்கள். சூரியன் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உயிர் பிழைத்தாயிற்று. ஆனால் பிழைத்தவர் வெளியே வந்துவிடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் முன்பைவிட இறுக்கமாகப் பூட்டிக்கொண்டார். காலையில் மூன்று மாத்திரை, இரவில் இரண்டு. அந்த ஐந்துக்கும் நடுவே கை எப்போதும் நாடியிலேயே இருந்தது. இரண்டாம் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்கலாம், வாரா வாரம் தூரத்தைக் கூட்டுங்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். இவர் வரவேற்பறை நாற்காலியிலிருந்து குளியலறைவரை போய்வருவதோடு சரி. நடந்தால் அந்தக் கம்பிச் சுருள் நழுவிவிடுமோ என்று பயம். அது நழுவாது என்று நூறு பேருக்குச் சொன்ன வாய்தான். சிகரெட் இல்லாமல் நாக்கு தடித்தது, எதைத் தொட்டாலும் எரிச்சல் வந்தது. மனைவி திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தேவையானதை மட்டும் பேசினாள். உப்புக் குறைத்துச் சமைத்து, தானும் அதையே சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"சிகரெட் பிடிக்கிறேனான்னு நீ ஏன் ஒரு தடவைகூட கேக்க மாட்டேங்குற?"

"கேட்டா நிஜம் சொல்லுவீங்களா?"

அவர் நாடியிலிருந்து கையை எடுத்தார்.

"உங்களைக் காவல் காக்க என்னால முடியாது" என்றாள் அவள். "ஏழு வருஷம் காத்தேன்னு நெனைச்சேன். உங்க உயிரு, உங்க நெஞ்சு. நீங்கதான் பாத்துக்கணும். எனக்குப் பொய் சொல்லாதீங்க, அது போதும்."

மறுநாள் சாயங்காலம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை மின்கம்பம்வரை போனார். அங்கேயே நின்று நாடியைப் பிடித்தார். திரும்பி வந்தார். அடுத்த நாள் இரண்டாவது கம்பம். ஒரு மாதத்தில் பேருந்து நிறுத்தத்து மேட்டை நிற்காமல் ஏறினார். ஆனாலும் ஒவ்வோர் அடியிலும் நெஞ்சுக்குள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டேதான் ஏறினார். சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லுவதற்கு ஒரு மருந்துச் சூயிங்கம் கொடுத்திருந்தார்கள். அதை மென்று மென்று தாடை வலித்தது. இரண்டாம் மாதத்தில் ஒருநாள் பெட்டிக்கடையில் ஒன்று வாங்கிப் பற்ற வைத்தார். பாதி பிடித்ததும் கீழே போட்டார். வழக்கம்போல வாயைக் கொப்பளித்தார். மிட்டாய் வாங்கினார். வீட்டு வாசலில் மிட்டாயை வாயிலிருந்து எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே போய், இன்றைக்குப் பாதி பிடித்தேன் என்று மனைவியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, தெரிகிறது, நாறுகிறது, போய்க் குளியுங்கள் என்றாள். அன்று இரவு அவள் தட்டையும் அவர் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு அவர் சிகரெட்டைத் தொடவில்லை. நினைக்காத நாள் மட்டும் இல்லை.

வேலைக்குத் திரும்பியபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் பயந்தது நடக்காததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். டாக்டரம்மா மட்டும் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டுத் துளைத்தார். தம்பியைக் கூட்டி வந்தீர்களா? அப்பாவுக்கு நாற்பத்தொன்பது, உங்களுக்கு நாற்பத்தேழு, தம்பிக்கு நாற்பத்திரண்டு, அவர் எதற்காகக் காத்திருக்கிறார்?

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். அண்ணன் படுத்திருந்தபோது தினமும் வந்து பார்த்தவன், பரிசோதனைப் பேச்சை எடுத்ததும் கண்ணில் படுவதே இல்லை. தொலைபேசியில் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பான். லீவு விடட்டும் என்பான். வேனுக்குச் சர்வீஸ் விட வேண்டும் என்பான். ஒவ்வொரு சாக்கும் ஈசிஜிக்காரருக்குத் தன் வாயிலிருந்து வந்தது போலவே இருந்தது. அதனால்தான் கோபம் வரவில்லை. ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, பள்ளி விடுகிற நேரத்துக்கு வேன் நிற்குமிடத்துக்குப் போனார். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, தம்பி சுதாரிப்பதற்குள் அவன் கையில் கருவியின் பட்டையைச் சுற்றினார். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து காட்டியது.

"மெஷின் கோளாறுண்ணா" என்றான் தம்பி.

அவர் அதே கருவியைத் தன் கையில் சுற்றிக் காட்டினார். நூற்று முப்பதுக்கு எண்பது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறின. இந்த மாமா யார் என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"நீங்க எறங்குங்கண்ணா. நான் ரவுண்டு போகணும்."

"போ. நானும் வர்றேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆஸ்பத்திரிக்கு. நீ வர்ற வரைக்கும் நான் இந்த சீட்டைவிட்டு எறங்க மாட்டேன்."

"ஒண்ணு சொல்லட்டுமா?" தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னான். "பயமா இருக்குண்ணா. போனா ஏதாவது சொல்லிடுவாங்க."

"எனக்கும் அதே பயந்தான். செத்துப் போன அப்பா பேருல எழுதிக் குடுத்தவன்டா நான். நீ உன் பேருலயே எழுதிக் குடு, அது போதும்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். பதினான்கு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை இறங்கியது, ஒரு தாயோ தாத்தாவோ வாசலில் நின்று கையசைத்தார்கள். கடைசிப் பிள்ளை இறங்கியதும் வேன் கொஞ்ச நேரம் சாலையோரமாக நின்றது. தம்பி கண்ணாடியைச் சரிசெய்தான், துண்டால் முகத்தைத் துடைத்தான். வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று தேவையில்லாமல் முள்ளைப் பார்த்தான். அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வேன் மருத்துவமனைப் பக்கம் திரும்பியது.

தம்பியின் ஈசிஜி சரியாக இருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது, கொழுப்பு அதிகம், ரத்த அழுத்தம் அன்று வேனில் காட்டியதேதான். டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் குளத்தங்கரையைச் சுற்றி நடக்கிறார்கள். தம்பி முன்னால் போய்விடுகிறான். நடுவில் நின்று, மாத்திரை இன்று போட்டாயிற்று என்று கேட்காமலே சொல்கிறான். அது உண்மையா என்று அண்ணனுக்குச் சந்தேகம்தான். துருவிக் கேட்பதில்லை. மூச்சு வாங்காத வேகத்தில், பின்னாலேயே நடக்கிறார்.